படியில்லாத வீடு

அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்தது, வாசலில் படியே இல்லாததுதான், ஐயா. தெருவிலிருந்து அப்படியே உள்ளே நடந்துவிடலாம். நாங்கள் இருந்தது மூன்றாவது மாடி. என் மனைவிக்கு இதயம் பலவீனம். படி ஏறவே கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டை விற்றவர் தங்கமான மனிதர். முட்டுக்கட்டை போட்டதெல்லாம் அவருடைய வக்கீல்.

நான் கொடுத்த காகிதத்தில் ஒரு தடவை தேதி இல்லை என்றார். அடுத்த தடவை நீல மை ஆகாது என்றார். அப்புறம் சாட்சிக் கையெழுத்து சரியில்லை. நேரில் போய் அவளுடைய நிலையைச் சொல்லிக் கெஞ்சினேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க. அவசரப்பட்டா எப்படி?"

எட்டு மாதம் இழுத்தடித்தார். ஏழாவது மாதம், மருந்துப் பையோடு இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. 

ஒருவழியாகப் பத்திரம் முடிந்து, சாவி கொடுக்க அந்த வக்கீலே புது வீட்டுக்கு வந்தார். பையையும் போனையும் கூடத்து மேசையில் வைத்துவிட்டு, அலமாரிகளை எண்ணிப் பார்க்க, பின்பக்கத்துச் சாமான் அறைக்குள் தானாகத்தான் போனார். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான் அவரைத் தள்ளவில்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டேன், அவ்வளவுதான்.

கத்தினார், மிரட்டினார், பிறகு கெஞ்சினார். எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். கதவிடுக்கில் வெள்ளைத்தாளும் தள்ளினேன். தண்ணீர் கேட்டு முதல் மனு வந்தது. தேதி இல்லை; திருப்பித் தள்ளிவிட்டேன். இரண்டாவது நீல மை. பாவம், அவரிடம் இருந்த பேனாவே அதுதான். கறுப்புப் பேனா ஒன்றை நானே உள்ளே தள்ளினேன். அந்த அளவுக்கு ஒத்துழைத்தேன். மூன்றாவதில் எல்லாம் சரி, சாட்சிக் கையெழுத்துதான் இல்லை.

"உள்ள நான் ஒருத்தன்தானே இருக்கேன்," என்று அழுதார்.

எனக்கும் புரிந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. தினமும் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்த ஒரு மனுவைக்கூடப் படிக்காமல் விட்டதில்லை.

ஐந்தாம் நாள் கடைசி மனு பாதிதான் வெளியே வந்தது. மீதியை நான் இழுத்துக்கொண்டேன். 'தண்ணீர்' என்று ஒரே சொல், அதன்கீழ் கோணலாக ஒரு கோடு. அதற்குப் பிறகு உள்ளே சத்தமில்லை.

ஆறு மனுக்களும் இதோ, வரிசையாக வைத்திருக்கிறேன். கொன்றேன் என்று எழுதிக்கொள்கிறீர்கள். தண்ணீர் தரமாட்டேன் என்று நான் ஒரு தடவைகூட மறுக்கவில்லை, ஐயா. கையெழுத்தே இல்லாத காகிதத்தை நம்பி எப்படிக் கதவைத் திறப்பது?