ஜோடித் தலையணை

இலவம்பஞ்சில் படுத்துப் பழகிவிட்டால் வேறு தலையணையில் தூக்கம் வராது. என் சம்பந்தியம்மாளுக்கும் அப்படித்தான். என் மகள் பத்மாவின் கல்யாணப் பேச்சில் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்தவர், "ஜோடித் தலகாணி மட்டும் சுத்த இலவம்பஞ்சா இருக்கணும். பருத்தி அடைச்சிக் குடுத்துராதீங்க" என்றார். எழுபத்தொன்பது முதல் பூந்தமல்லி ஞாயிற்றுச் சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய கப்பல் சாமான் விற்றவள் நான். துறைமுக ஏலத்தில் எடுத்த கயிறு, துடுப்பு, கொக்கி, விளக்கு.

அந்த ஏலத்தில் இரண்டு மிதவைச் சட்டைகளும் வந்திருந்தன. தையலைப் பிரித்தால் உள்ளே இலவம்பஞ்சு, பட்டு மாதிரி. நீரில் ஊறாது என்றுதான் கப்பல்காரர்கள் அதை அடைக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன்.

எடுத்துத் தலையணை தைத்தேன். சட்டைகளில் பாடித் தொழிற்சாலைகளில் மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சை அடைத்து, பழைய துளைகளிலேயே ஊசி விட்டு மூடினேன். வித்தியாசமே தெரியவில்லை.

எண்பத்தெட்டு, கார்த்திகை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த கஜபதி தன் மனைவி வனஜாவோடு வந்தார். பெட்டிப் பலகையில் அவரே ஒரு படகு கட்டியிருந்தார், பருத்திப்பட்டு ஏரியில் விட. துடுப்பு எடுத்தார், கயிறு எடுத்தார். வனஜா சட்டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அக்கா, இது நெசமா மெதக்குமா? எனுக்கு கெணத்தாண்ட போனாலே காலு ஒதறும்."

"கப்பல்காரன் இத்த போட்டுக்கினு கடல்லியே குதிக்கிறாம்மா. உன் ஏரி இன்னா பெருசு?"

அவள் விரலால் அமுக்கினாள். "நம்ம ஊட்டுத் தலகாணியாட்டம் கீது."

நான் சிரித்தேன். கஜபதி, "ரெண்டா குடுக்கா" என்றார்.

"உனுக்கு எதுக்குய்யா? நீ மீனு. நான்தான் அம்மிக்கல்லு" என்றாள் வனஜா.

"அம்மிக்கல்லையும் மெதக்க வெக்கிறேன் பாரு."

ஒன்றுதான் வாங்கினார்கள்.

பதினைந்து நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். மொட்டை அடித்திருந்தார். சந்தை கூடுவதற்கு முன்பே வந்து, தார்ப்பாயின் ஓரத்தில் குந்திக்கொண்டார்.

"காத்துல படகு கவுந்துச்சிக்கா. அவ சட்ட போட்டுக்கினு கீறா, எப்டியும் மெதப்பானு நெனச்சி, கயிறு எடுத்தார நான் கரைக்கு நீந்துனேன். திரும்பிப் பாத்தா ஆளு இல்ல."

நான் விளக்குகளை எடுத்து வரிசையாக வைத்தேன்.

"சட்ட மேல தப்பு இல்ல. கப்பல் சட்ட. நான்தான் முடிச்சி போட்டு உட்டேன். இடுப்புல போட்டேன். தப்பாக்கா அது?"

அவர் முகத்தைப் பார்த்தேன். தப்பில்லை, இடுப்பில்தான் போட வேண்டும். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்தையில் ஆள் வரத் தொடங்கியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பத்மாவுக்குக் கல்யாணம்.

"மாருல போட்டிருக்கணும் நைனா," என்றேன். "இடுப்புல போட்டா கவுத்துரும்."

அவர் இரண்டு தரம் தலையாட்டினார். "அப்ப நான்தான்," என்றார். எழுந்து போய்விட்டார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. சம்பந்தியம்மாள் தலையணையை அமுக்கிப் பார்த்து, "சுத்தமான பஞ்சு" என்று எல்லாரிடமும் சொன்னார். மிச்சமிருந்த இன்னொரு சட்டையைத் தை மாதம் பழவேற்காட்டுக்காரர் ஒருவர் எடுத்துப் போனார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் மிதக்குமா என்று கேட்டார். நானும் மிதக்கும் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

கஜபதி அப்புறம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தொண்ணூற்றாறில் திருவேற்காடு கோயில் வாசலில் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் உன் மேல தப்பு இல்லனு சும்மா ஆறுதல் சொன்னாங்கக்கா. நீ ஒருத்திதான் நெசத்த சொன்னே."

வெட்கத்தில் எனக்குக் கை கூசியது. உடனே இழுத்துக்கொண்டால் அவர் வருந்துவார் என்று அப்படியே விட்டேன். அன்றைக்கே சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். ஆனால் எட்டு வருஷம் கழித்து அந்த மனிதரின் மனத்தைப் புண்படுத்த எனக்கு மனம் வரவில்லை.