ரப்பர் போட்டுத் தேய்த்த ரேம்

இன்ஸ்பெக்டர் ஐயா, கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றால் நாங்கள் முதலில் செய்வது ஒன்றுதான். ரேம் என்கிற நினைவகப் பட்டையைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவோம். பாதி மெஷின் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். ஆவடியில் என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் நான் ரேமைக் கழற்றும்போது யாரும் என் கையைப் பார்ப்பதில்லை.

ஏன் எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். நர்சிங் ஹோம் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டீர்கள், இனி மறைக்க ஒன்றுமில்லை. ரேம் கிடைக்கவில்லை, அதுதான் காரணம். மொத்த வியாபாரி முகமது இஸ்மாயில் என்னைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். "சரக்கே வர்ல நைனா. அல்லாத்தையும் ஏஐக்காரன் வாரிகினு பூட்டான்" என்றார். செயற்கை நுண்ணறிவுக்காக எங்கெங்கோ பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்களாம். கம்பெனிகள் செய்கிற ரேமெல்லாம் அங்கேதான் போகிறது. இங்கே காலேஜ் பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து கெஞ்சுவார்கள். எனக்கு மனசு கேட்காது.

அதிகமாக இருந்த இடத்தில் எடுத்தேன். பருத்திப்பட்டில் ஒரு நர்சிங் ஹோம் மெஷின்களை நான்தான் பார்த்துவந்தேன். நோயாளிகளின் நாடித்துடிப்பும் ஆக்சிஜன் அளவும் நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டரில் தெரியும். அதில் இரண்டு ரேம் இருந்தன. ஒன்று போதும் என்று பட்டது. தூசி தட்டப் போன அன்று இரண்டையும் தேய்த்து, ஒன்றை மட்டும் செருகினேன். மெஷின் ஓடியது. கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான். மற்றதைச் சந்தை விலைக்குத்தான் விற்றேன், ஒரு பைசா கூட்டவில்லை.

ரேம் போதாவிட்டால் திரை அணைந்துவிடும் என்பதில்லை. சில சமயம் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு மத்தியானம் அது நின்றபோது, அங்கே சேர்ந்திருந்த, ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரான லட்சுமணனின் ஆக்சிஜன் தொண்ணூற்றேழு என்று காட்டிக்கொண்டிருந்தது. நல்ல எண். நர்ஸ் ரோஸி அதை நம்பி மற்ற கட்டில்களைக் கவனித்தாள். அவர் மூச்சு அடங்கிய பிறகும் திரையில் தொண்ணூற்றேழுதான் இருந்தது.

திரையைப் பார்க்காமல் அசட்டையாக இருந்தாள் என்று ரோஸி மேல் கேஸ் ஆனது. மெஷின் நின்றுபோயிருந்தது என்று அவள் சாதித்ததால், சோதித்துச் சொல்ல நர்சிங் ஹோமில் என்னையே கூப்பிட்டார்கள். அவளும் வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"நம்பரு மாறவே இல்லண்ணா. நான் பாத்துகினுதான் இருந்தேன். மிஷினு நின்னுபோச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்" என்றாள்.

பார்க்கிறேன்மா என்றேன். மேஜைக்கடியில் ஒரே இருட்டு. அவளே தன் செல்போன் டார்ச்சைப் பிடித்தாள். அந்த வெளிச்சத்தில் மீதமிருந்த ரேமையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பட்டனை அழுத்திக் காட்டினேன், ரேமே இல்லாத மெஷின் எழும்பவில்லை. போர்டு போய்விட்டது, அன்றைக்கு என்ன நடந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்றேன். ரோஸி டார்ச்சை அணைத்தாள். பிறகு, கூப்பிட்டதும் வந்ததற்கு நன்றி அண்ணா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் தவம் கிடக்கும்போது, நல்ல ரேம் ஒன்று சட்டைப்பையில் சும்மா கிடப்பது எனக்குப் பொறுக்காது, ஐயா.