மீந்த திராட்சரசம்

உலர்ந்த திராட்சை நல்லதாக வேண்டுமென்றால் நம் கும்மிடிப்பூண்டி பஜாரில் அமானுல்லா பாய் கடைக்குத்தான் போகவேண்டும். மற்றவர்கள் காம்பையும் மண்ணையும் சேர்த்து நிறுத்துவிடுவார்கள். எங்கள் சபையில் மாதம் ஒரு ஞாயிறு திருவிருந்து உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. அதற்குத் திராட்சரசம் காய்ச்சுவது மூப்பர் என்ற முறையில் என் வேலை.

நீங்கள் எங்கள் மதம் இல்லை, அதனால் விளக்கிச் சொல்கிறேன். திருவிருந்தில் ஆளுக்கு ஒரு துண்டு அப்பம், ஒரு வாய் ரசம். அது ஆண்டவருடைய சரீரம், இரத்தம். ஆகவே மீந்ததைக் கீழே ஊற்றக்கூடாது. யாராவது பயபக்தியோடு குடித்துத் தீர்க்கவேண்டும். போதகர் ஆராதனை முடிந்த கையோடு அடுத்த ஊர்ச் சபைக்கு சைக்கிளில் ஓடுவார். எனவே மீந்ததும் என் பொறுப்புதான்.

இரும்பாலையில் நான் டைம் கீப்பர். இரண்டாம் சங்கு ஊதினால் கேட்டைச் சாத்திவிடுவேன். பிறகு என் அப்பனே வந்தாலும் வெளியேதான். வீட்டிலும் அப்படித்தான். அரசாங்கம் மதுவிலக்கை நீக்கிச் சாராயக்கடைகளைத் திறந்த வருஷம் என் மகன் குடித்துவிட்டு வந்து நின்றான். முதல் தடவை என்று அழுதான். வேதத்தின் பத்துக் கட்டளைகளை மனப்பாடமாக ஒப்பித்து வளர்ந்த பிள்ளை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சூளூர்ப்பேட்டைப் பக்கம் தண்டவாளத்தில் கிடந்தான் என்று ரயில்வே போலீஸ்காரர் வந்து சொன்னார். நான் செய்தது தப்பு என்று சபையில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆசீர்வாதம் எங்கள் ஆலையில் உலை வேலை பார்த்தவன். பெண்டாட்டி செங்கம்மாள் கழுத்தில் குண்டுமணித் தங்கம் மிச்சமில்லாமல் குடித்தவன். புதிதாக வந்த போதகர் அவன் வீடு தேடிப் போய்ப் பேசினார். மூலைக்கு மூலை கடை திறந்துகிடந்த அந்தக் காலத்திலேயே அவன் குடியை விட்டான். பெரிய காரியம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் அடுத்த திருவிருந்துக்கே போதகர் அவனை முன்வரிசையில், என் பக்கத்திலேயே முழங்கால் போடவைத்தார்.

கொஞ்ச காலமாவது தள்ளிவைத்துப் பார்க்கவேண்டாமா என்று அவரிடம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு மூப்பரே? கிருபைன்னா சும்மா குடுக்கிறதுதான். கதவு எப்பவும் தொறந்துதான் இருக்குது" என்று சிரித்தார்.

அன்றைய பிரசங்கம் திராட்சைத் தோட்டத்துக் கூலிக்காரர்களைப் பற்றி. விடியற்காலையில் வந்தவனுக்கும் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் ஒரே கூலியாம். டைம் கீப்பர் உட்கார்ந்து கேட்கிற கதையா அது? கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்றால், அன்றைக்கு நான் சாத்தியது என்ன? எனக்கு வயிறு எரிந்தது. ஆசீர்வாதத்தின் மேல் பொறாமை என்று நினைக்காதீர்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று அந்தப் போதகர் கண்ணால் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

அரசாங்கம் கடைகளை மறுபடி மூடும்வரை பொறுத்திருந்தேன். சபைக்கான ரசத்தை வழக்கம்போல் கொதிக்கவைத்துப் பிழிந்து வடிகட்டினேன். அதில் போதை கிடையாது. இன்னொரு பங்கைக் கொதிக்கவைக்காமல், சர்க்கரையும் ரொட்டிக்கடை ஈஸ்ட்டும் போட்டு, ஜாடி வாயில் துணியால் வேடு கட்டி என் வீட்டுச் சமையலறை மூலையில் வாரக்கணக்கில் வைத்தேன். திருவிருந்தில் மீந்ததை முறைப்படி நானே குடித்தேன். பிறகு, பாத்திரங்கள் வைக்கும் உள்ளறைக்கு ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு, வீட்டு ஜாடியிலிருந்து கொண்டுவந்ததை டம்ளர் நிறைய ஊற்றிக் கையில் கொடுத்தேன்.

மோந்ததுமே அவன் டம்ளரை என் பக்கம் நீட்டினான்.

"அண்ணே, புளிச்சிப் போயிருக்குதுண்ணே. பழைய வாசனை அடிக்குது. எனக்கு வாணாம், நீயே குடிச்சிடு."

"ஆண்டவருடைய இரத்தத்தைக் கீழ ஊத்தலாமா, ஆசீர்வாதம்?" என்று கேட்டேன்.

கவனியுங்கள், ஐயா. டம்ளரில் இருந்தது ஆண்டவருடைய இரத்தம் என்று நான் சொல்லவில்லை. ஊற்றலாமா என்று கேட்டேன். கேள்வி பொய்யாகாது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அடுத்த மாதம் கூப்பிடாமலே வந்து நின்றான். அதற்கடுத்த மாதம் கடைசிப் பாட்டு முடிவதற்குள் உள்ளறைக்கு வந்துவிட்டான். பிறகு நான் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

"இந்த மாசம் ஒண்ணும் மீதி இல்லியாண்ணே?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மை.

கடை மூடிய ஊரில் தாகமெடுத்தவனுக்கு மரத்துக்குப் பூசுகிற வார்னிஷ்தான் குடிக்கக் கிடைத்தது. அதை நான் வாங்கிக் கொடுக்கவில்லை. எங்கே விற்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. செங்கம்மாள் என் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"நல்லாத்தானே இருந்தாரு. மறுபடி எப்படிண்ணா வந்துச்சி இந்தப் பீடை? நீயாச்சும் எடுத்துச் சொல்லுண்ணா" என்று அழுதாள். ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பினேன். அது நல்ல ஆலோசனைதான்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது அவனுக்குக் கண் போயிருந்தது. என் குரலைக் கேட்டதும் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டான்.

"ஆண்டவரோட இரத்தத்தைப் போய்ச் சாராயம் மாரி நெனச்சி அலைஞ்ச பாவிண்ணே நானு. வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி. உன் கையாலதான வாங்கிக் குடிச்சேன். மன்னிச்சிட்டேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடுண்ணே."

மன்னித்தேன் என்றேன். விடிவதற்குள் போய்விட்டான். முகம் தூங்குகிறவன் முகம்போல இருந்தது என்று செங்கம்மாள் சொன்னாள்.

அடக்கம் முடிந்தபின் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிருபை எத்தனை நாள் தாங்கிற்று என்று அவருக்குத் தெரியவேண்டுமே. அவர் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு என் தோளைத் தொட்டு, "உங்களுக்குங்கூட கதவு தொறந்துதான் இருக்குது மூப்பரே" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவ்வளவு கோபம் எனக்கு என் மகன்மேல்கூட வந்ததில்லை. சும்மா கிடைப்பது எனக்கு வேண்டாம்.

அதனால்தான் நேராக உங்களிடம் வந்தேன். வீட்டில் ரசத்தைப் புளிக்கவைத்தது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அதை ஒப்புக்கொள்கிறேன், உரிய தண்டனை எதுவோ கொடுங்கள். கொலை என்று எழுதாதீர்கள், அந்தக் கட்டளையை நான் மீறவில்லை. போதகர் வந்து மன்னிப்பு அது இது என்று பேசினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். எனக்கு எதற்கு மன்னிப்பு, ஐயா? ஆசீர்வாதத்தை மன்னித்தவனே நான்தான்.