வாறன்

— பெல் இருக்கேக்க ஏன் தம்பி கதவைத் தட்டினனீர்? நான் பயந்தே போனன்.

— மன்னியுங்கோ அன்ரி. எங்கட வீட்டுப் பழக்கம். பெல்லை நினைக்கமுதல் கை தட்டிப்போடும்.

— சரி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாரும். உந்தக் கதிரையில இரும், மற்றது ஆடும். றொய்சன் ஒஷாவாவில இருந்து போன் எடுத்துச் சொன்னவன். "அம்மா, சீமோன் எண்டு ஒராள் வருவார். கோயில்ல பழக்கம். கடற்கரைக்கு வரைபடம் கீறுற ஒபிஸில வேலை. ஒருக்கா அவரோட கதையுங்கோ" எண்டான். ரொறன்ரோவில எங்க தம்பி கடல்?

— இஞ்ச கடல் இல்லை அன்ரி, கொம்பியூட்டர்தான் கிடக்கு. அதாவது, சட்டலைட் எடுத்த படங்களை வைச்சு, உலகத்தில எங்கெங்கயோ கிடக்கிற கரையளை நாங்கள் இஞ்சயிருந்து கீறுறம். இப்ப என்ர மேசையில கிடக்கிறது எங்கட பக்கம். தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில இருக்கிற மணல்திட்டியள்.

— ஓகோ. அதுக்குத்தான் என்னட்டை வந்தனீர்.

— ஓம் அன்ரி.

— முதல் தேத்தண்ணியைக் குடியும். ஆறினா உந்தப் பால் ஆடை கட்டும். அங்க யன்னலால பாரும், மரங்களுக்கு அங்கால நீலமா ஒரு கீற்றுத் தெரியுதோ? அதுதான் லேக், பெரிய ஏரி. இந்த மோர்னிங்சைட் வீட்டை நான் எடுத்ததே அதுக்குத்தான். நல்ல தண்ணி, கண்டீரோ. வத்துமில்லை, பெருக்குமில்லை. நேற்று நிண்ட இடத்திலயே இண்டைக்கும் நிக்கும். அதைப் பாக்க எனக்குப் பயமில்லை.

— இந்த லப்டொப்பில கிடக்கிற கடலைப் பாக்கப் பயமெண்டால் நான் மூடிவைக்கிறன்.

— வேண்டாம், திறவும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாறன்... ம். உதென்ன ரெண்டு நிறத்தில கோடு?

— நீலம், கடல் நல்லா வத்தினாப்பிறகு தண்ணி நிக்கிற இடம். சிவப்பு, பெருக்கில தண்ணி ஏறிவந்து நிக்கிற இடம். கரையோரத்தில எங்க கட்டலாம், எங்க கை வைக்கக்கூடாது, எந்தத் திட்டியைப் பறவையளுக்கெண்டு விடவேணும் எண்டெல்லாம் முடிவெடுக்கிறவைக்கு இந்த ரெண்டு கோடும் வேணும்.

— ரெண்டுக்கும் நடுவில கிடக்கிறது?

— வத்தில நிலம். பெருக்கில கடல்.

— அப்ப நாங்கள் நிண்டது அதுக்குள்ளதான்.

— எந்தத் திட்டியில எண்டு கேக்கத்தான் வந்தனான்.

— உது ஒபிஸுக்கு எதுக்குத் தம்பி?

— ஒபிஸுக்கில்லை. எனக்கு.

— உமக்கோ?... சரி, கேக்கிறீர், சொல்லுறன். கோயில்ல எத்தினையோ பேருக்குச் சொன்னதுதான். தொண்ணூறாம் ஆண்டு. ஊரெல்லாம் சண்டை, சனம் இந்தியாவுக்கு ஓடுது. அண்டைக்கு அமாவாசை. நேவியின்ர கண்ணில படக்கூடாது எண்டு ஓட்டியள் இருட்டுப் பாத்துத்தானே வள்ளம் எடுக்கிறவை.

— அமாவாசையிலதான் பெருக்கும் கூட.

— அதை அண்டைக்கு ஆர் நினைச்சது? எங்கட அவர் அமிர்தநாதர், நான், மடியில றொய்சன். அவனுக்கு நாலு வயசு. எங்களோட ஓட்டி. வேறை ஒருத்தருமில்லை. பாதி தூரம் போயிருப்பம், வள்ளம் மணலில இடிச்சு நிண்டிட்டுது. "இறங்குங்கோ, இறங்குங்கோ" எண்டான். இறங்கினம். காலுக்குக் கீழ மணல். இந்தியா வந்திட்டுது எண்டு நான் குனிஞ்சு மணலைத் தொட்டுக் கும்பிட்டன் தம்பி. இப்ப நினைக்க வெக்கமாக் கிடக்கு.

— அவர் வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?

— ஆர், அந்த ஓட்டியோ? "வாறன்" எண்டான். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள்ள போயிட்டான்.

— வாறன் எண்டவரோ? வடிவா யோசியுங்கோ அன்ரி.

— யோசிக்க என்ன கிடக்கு? "போறன்" எண்டு எந்தத் தமிழன் சொல்லுறான்? கடைக்குப் போறவனும் வாறன், கனடாவுக்குப் போறவனும் வாறன். வாறன் எண்டு சொன்னவை எல்லாரும் வந்தவையே?

— ஓம், அதுவும் சரிதான்... பிறகு?

— பிறகென்ன. தண்ணி வந்துது. முதல் கணுக்கால். சிரிச்சுக்கொண்டு நிண்டம். பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. எந்தப் பக்கம் பாத்தாலும் தண்ணி, கரையெண்டு ஒண்டில்லை. அவர் றொய்சனைத் தோளில தூக்கி வைச்சுக்கொண்டு நிண்டார். விடியிற நேரம் அவற்ற காலுக்குக் கீழ மணல் கரைஞ்சு போச்சு. பிள்ளையை என்ர கையில எறிஞ்சமாதிரித் தந்தார். நான் பிள்ளையைப் பிடிச்சுப்போட்டு நிமிர்ந்து பாக்கிறன், அவர் நிண்ட இடத்தில தண்ணிதான் கிடக்கு.

— அன்ரி, கொஞ்சம் பொறுத்துக் கதைப்பம்.

— இல்லை, சொல்லி முடிக்கிறன். விடிய, அந்தப் பக்கத்தில இருந்து மீனுக்கு வந்தவை என்னையும் பிள்ளையையும் தூக்கி எடுத்தவை. அவற்ற உடம்பு கிடைக்கேல்லை. அண்டையில இருந்து, ஒவ்வொரு இரவும் செபமாலை சொல்லி முடிச்சாப்பிறகு அந்த ஓட்டிக்கு ஒரு சாபம் போட்டிட்டுத்தான் படுக்கிறது. ஃபாதரிட்டையும் சொன்னனான். மன்னிக்கட்டாம். ஃபாதரையோ நடுக்கடலில இறக்கி விட்டது?

— இதை ஒருக்காப் பாருங்கோ, இது தொண்ணூறாம் ஆண்டுப் பழைய படம். நீங்கள் சொல்லுறதைப் பாத்தா இந்தத் திட்டிதான். வத்து நேரத்தில, ஆளை வைச்சுக்கொண்டு இதைக் கடக்கேலாது, வள்ளம் தட்டும். அதால ஓட்டியள் ஆளை இறக்கிப்போட்டு, வெறும் வள்ளத்தை இந்த ஆழமான பக்கத்தால சுத்திக் கொண்டுவந்து, அங்கால் பக்கத்தில திருப்பி ஏத்துறது.

— உமக்கு ஆர் சொன்னது?

— இவ்வளவு தூரம் சுத்தவேணும், பாருங்கோ. சுத்தி வாறதுக்கிடையில பெருக்குத் துடங்கியிருக்கும். இந்த நுனி முழுக்கத் தண்ணிக்குள்ள போயிருக்கும். அதே திட்டி இருட்டில அவருக்கு வேறை திட்டி மாதிரித் தெரிஞ்சிருக்கும்.

— நீர் ஏன் தம்பி அவனுக்காக வழக்காடுறீர்? என்ர வீட்டில இருந்து, என்ர தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு?

— வழக்காடேல்லை. ஒண்டே ஒண்டு கேக்கிறன். தண்ணி ஏறின நேரம் ஏதாவது வெளிச்சம் கண்டியளோ? சத்தம் ஏதும் கேட்டுதோ?

— வெளிச்சமில்லை. சத்தம் கேட்டது. தண்ணி முழங்காலுக்கு வந்த நேரம். மரத்தில மரம் தட்டினமாதிரி. நேவி வந்திட்டான் எண்டு எனக்கு உயிரே போட்டுது. ஒரு கையால பிள்ளையின்ர வாயைப் பொத்தினன். அவர் என்னவோ சொல்ல வெளிக்கிட்டார், மற்றக் கையால அவற்ற வாயையும் பொத்தினன். கிட்டக் கேட்டுது. பிறகு தள்ளிப் போச்சு. பிறகு இல்லை. அதுக்குப் பிறகு ஆரும் கதவு தட்டினா எனக்கு ஆகாது. எந்த வீட்டுக்கு மாறினாலும் றொய்சன் முதல் வேலையாப் பெல் பூட்டித் தருவான்.

— எத்தினை தட்டு அன்ரி?

— மூண்டு. கொஞ்சம் பொறுத்து, பிறகும் மூண்டு.

— நேவியிட்டை லைட் இருக்கு, மிசின் இருக்கு, துவக்கு இருக்கு. அவன் ஏன் மரத்தில தட்டுறான்?

— அப்ப என்னத்துக்குத் தட்டினது?

— கத்தினா நேவிக்குக் கேக்கும். அதால துடுப்பால வள்ளத்தின்ர பக்கத்தில தட்டுவார். மூண்டு தட்டு. வீட்டுக்கு வந்தாலும் கதவில அப்பிடித்தான். அம்மா உள்ளுக்கிருந்து குரல் குடுக்குமட்டும் விட்டு விட்டுத் தட்டுவார். குரல் கேட்டாத்தான் நிப்பாட்டுவார். எனக்கும் அதுதான் கையில வந்திட்டுது.

— ஆர்?

— நீக்கிலாஸ். உங்கட ஓட்டி. என்ர அப்பா.

— மாதாவே!

— அண்டிரவு போனவர்தான் அன்ரி. ஆளும் வரேல்லை, வள்ளமும் வரேல்லை. சனத்தை நடுக்கடலில விட்டிட்டு இந்தியாவுக்கு ஓடிட்டான் எண்டு ஊரெல்லாம் கதை. பள்ளிக்கூடத்தில என்ர பேரே "திட்டியில விட்டவன்ர பொடியன்". அம்மா கோயிலுக்குப் போறதையும் விட்டிட்டா, அப்பிடியே செத்தும் போனா. கோயில்ல றொய்சன் தன்ர கதையைச் சொல்ல, ஆண்டையும் நாளையும் வைச்சு எனக்கு விளங்கிட்டுது அது அப்பாவின்ர வள்ளம் எண்டு. நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை, மன்னிக்கச் சொல்லவும் வரேல்லை. அவர் திரும்பி வந்தவரோ, இல்லையோ. அது ஒண்டுதான் எனக்குத் தெரியவேணும்.

— வந்தவர் தம்பி.

— அன்ரி...

— வந்தவர். எங்களுக்குக் கிட்ட, கூப்பிடு தூரத்தில வந்து நிண்டவர். நான்தான் ரெண்டு கையாலயும் ரெண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா என்ர மனுசனும் இருந்திருப்பார், உம்மட அப்பாவும் வீட்டை வந்திருப்பார்.

— அப்பிடிச் சொல்லாதேங்கோ. நேவியா இருந்திருந்தா, நீங்கள் வாய் பொத்தினதாலதான் மூண்டு பேரும் தப்பியிருப்பியள்.

— நேவியில்லையே தம்பி.

— அது உங்களுக்கு எப்பிடி அன்ரி தெரியும்?

— பிறகு எங்க போயிருப்பார்?

— இதுக்கு மேற்கால இன்னும் திட்டியள் கிடக்கு, பாருங்கோ. ஒவ்வொண்டாப் போய்த் தட்டிப் பாத்திருப்பார். அவற்ற குணம் எனக்குத் தெரியும். குரல் கேக்காமல் விட்டிருக்கமாட்டார்.

— உந்தப் படத்தில ரெண்டு பேருக்குமா ஒரு சின்னச் சிலுவை போடேலாதோ?

— ஏலாது அன்ரி. அதோட, அந்தத் திட்டியே இப்ப அந்த இடத்தில இல்லை. இத்தினை வருசத்தில மணல் நகர்ந்து வேறை பக்கம் போட்டுது.

— போட்டுதோ... சரி. அதெண்டாலும் போகட்டும். தேத்தண்ணி ஆறிப்போச்சு, விடும், குடியாதேயும்.

— நீங்கள் கொஞ்சம் படுங்கோ. றொய்சனை வரச்சொல்லிப் போன் பண்ணிவிடுறன். நான் வெளிக்கிடுறன்... வாறன் அன்ரி.

— வாறனெண்டா வரவேணும்.

— ஓம் அன்ரி. கட்டாயம்.

— அப்ப பொறும். வெளியில போய்க் கதவைச் சாத்தும். சாத்திப்போட்டு, முதல் தட்டினமாதிரியே தட்டும் தம்பி. இந்தமுறை நான் குரல் குடுக்கிறன்.