வாசலில் நின்று எழுதியது

வண்டியை எங்கே நிறுத்தினேன் என்றுதானே முதலில் கேட்டீர்கள். வேப்பமரத்தடியில். எப்போதும் நிழல் பார்த்துத்தான் நிறுத்துவேன். வெயிலில் விட்டால் சீட்டு கொதித்துப்போகும், உட்கார முடியாது. அங்கிருந்து அமலோற்பவத்தின் கோழி ஷெட்டு இருபது அடி இருக்கும். அதற்கு மேல் இருக்காது.

என் பெயர் பார்த்திபன். கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. கம்பெனி குஞ்சும் தீவனமும் தரும், ஊர்க்காரர்கள் ஷெட்டு போட்டு வளர்த்துத் தருவார்கள். ஆரணியைச் சுற்றி அப்படி அறுபத்து நான்கு ஷெட்டுகள். வளர்கிற கோழிக்கு அங்கே என்னென்ன கஷ்டம் வரக்கூடும் என்று பார்த்து எழுதுவது என் வேலை. படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். நெரிசல் உண்டா, கால் நொண்டுகிறதா, கீழே பரப்பிய உமி ஈரமா, வெயிலில் மூச்சு வாங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் போட வேண்டும். சிவப்பு விழுந்தால் அடுத்த முறை அந்த ஷெட்டுக்குக் கோழியைக் குறைத்து விடுவார்கள். என் பட்டியலில் சிவப்பே கிடையாது. மேனேஜர் தசரதன் மீட்டிங்கில் இதை இரண்டு முறை பாராட்டிச் சொல்லியிருக்கிறார்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு ஷெட்டுக்குள் கால் வைத்தவன் மூன்று நாளைக்கு இன்னொரு ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. செருப்பில், சட்டையில் நோய் ஒட்டிக்கொண்டு போகும். நல்ல விதிதான். ஆனால் மாதத்துக்கு முப்பது நாள், எனக்கு அறுபத்து நான்கு ஷெட்டு. கணக்கு எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கம்பெனிக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. அதனால் நான் எந்த ஷெட்டுக்குள்ளும் போவதில்லை என்று முடிவு செய்தேன். வாசலில் நின்று கம்பிவலை வழியாகப் பார்ப்பேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். வலையோரம் நிற்கிற நாலைந்து கோழி நன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு காது கொடுத்துக் கேட்பேன். கூச்சல் இருந்தால் ஏதோ குறை. அமைதியாக இருந்தால் திருப்தி. இது நானாகக் கண்டுபிடித்த முறை, இளைய பையன்கள் இரண்டு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே போனதே இல்லையா என்று கேட்கிறீர்கள். முதல் வருடம் போனேன், கலசப்பாக்கம் பக்கத்தில் ஒரு ஷெட்டு. சித்திரை மாதம். நான்காயிரம் கோழி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றும் கத்தவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. அதைப் பார்த்த கையோடு பச்சை போட முடியவில்லை. நான் பொய் எழுதுகிற ஆள் இல்லை. அதனால் அதற்குப் பிறகு பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

அமலோற்பவம் முள்ளிப்பட்டில் இருப்பவர். கணவர் இல்லை. மகள் ரீனா வேலூரில் நர்சிங் படிக்கிறாள். போன வருடம் ஷெட்டின் கூரை ஓடெல்லாம் உடைந்து தகரம் போட்டார்கள். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு என்னிடம் ஒரே கோரிக்கை.

"தகரம் போட்டதுல இருந்து உள்ள நிக்க முடியல சார். மூவாயிரம் வுட வேண்டிய எடத்துல நாலாயிரம் வுடுறாங்க. எல்லாம் வாயத் தொறந்துகினு கீதுங்க. ஒரு வாட்டி உள்ள வந்து பாத்துட்டு செவப்பு போடுங்க சார்."

"இன்னும் மூணு ஷெட்டு பாக்கணும்மா. வாசல்லயே சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"வாசல்ல நின்னா வாசலுதான் சார் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். நல்ல பெண்மணி. மோர் கொடுக்காமல் அனுப்ப மாட்டார். எட்டு மாதத்தில் எட்டு முறை கேட்டார், எட்டு முறையும் பச்சைதான் போட்டேன். சிவப்பு போட்டால் கோழி குறையும், அவர் வருமானம் குறையும், அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். குறைக்கச் சொல்லிக் கேட்டதே அவர்தான் என்கிறீர்கள். சரிதான்.

அன்று புதன்கிழமை, கத்திரி வெயில். பதினோரு மணிக்குப் போன கரண்டு வரவில்லை. கரண்டு இல்லாவிட்டால் மின்விசிறியும், கூரைக்குத் தண்ணீர் அடிக்கிற மோட்டாரும் நிற்கும். அந்த மாதிரி நேரத்தில் வளர்க்கிறவர்கள் உள்ளே போய்க் கோழிகளுக்கு நடுவே மெதுவாக நடப்பார்கள். உட்கார்ந்த கோழி எழுந்து நின்றால் வயிற்றுக்கு அடியில் கட்டிய சூடு வெளியேறும். அமலோற்பவம் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார், தன்னந்தனியாக மூன்று மணி நேரம்.

நான் இரண்டு மணிக்குப் போனேன். பக்கவாட்டில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்கு காய்ந்துபோயிருந்தது. வலையோரம் எந்தக் கோழியும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. சத்தம் என்ற கேள்விக்குப் பச்சை போட்டேன். மூச்சு வாங்குகிறதா என்ற கேள்விக்குக் காணப்படவில்லை என்று எழுதினேன். நான் காணவில்லை, அது உண்மை.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. வண்டிச் சத்தம் கேட்டிருக்கும்.

"சார்... வந்துட்டீங்களா. உள்ள வாங்க சார்."

நீங்கள் பக்கத்து வீடுகளையெல்லாம் விசாரித்திருக்கிறீர்கள். யாருக்கும் கேட்கவில்லை என்றிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் கைத்தறி, கரண்டு இல்லாவிட்டாலும் ஓடும். தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்தவனுக்குத் தெருவில் இடி விழுந்தாலும் தெரியாது. கேட்கிற தூரத்தில் நின்றது நான் ஒருவன்தான்.

எப்போதும் கேட்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ரீனாவிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களிடம் முதல் தடவை கொடுத்த வாக்குமூலத்திலும் அப்படித்தான் இருக்கும். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. நிற்கிறவர் குரல் அங்கிருந்து வராது. அது எனக்கு அப்போதே தெரியும். இரண்டாம் முறை "சார்" என்றபோது முழுதாகக்கூட வரவில்லை. நான் பேனாவை மூடிச் சட்டையில் செருகினேன். "அடுத்த மாசம் கண்டிப்பா வரேம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.

ஐந்து மணிக்கு ரீனா வேலூரிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். அந்த அம்மாளுக்கு நான்கு மணி வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான்காயிரத்தில் நூற்றுப் பத்துக் கோழி மிச்சம், அதையும் மறுநாள் கம்பெனி குழியில் போட்டு மூடிவிட்டது. கூரை அதே தகரம்தான். என் இடத்துக்கு வந்திருக்கிற பெண்ணுக்கும் அறுபத்து நான்கு ஷெட்டு கொடுத்திருக்கிறார்கள். ரீனாவுக்கு யாராலும் எதுவும் செய்ய முடியாது, என்னாலும் முடியாது.

வெயில் தொற்று நோய் இல்லையே, உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அன்றைக்கு எனக்கு இன்னும் மூன்று ஷெட்டு பாக்கி இருந்தது, ஐயா. மூன்றுக்கும் போனேன், மூன்றிலும் வாசலிலேயே நின்றேன். அங்கே ஒரு கோழிக்குக்கூட என்னால் நோய் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.