ஒம்போது ஏரோப்ளேன் சத்தத்துல

ஆமா சாமி, தொட்டே பாத்துக்கீறேன். தோ இப்ப நம்ம கோபுரத்துக்கு மேல மீனம்பாக்கம் பக்கமா தபால் எடுத்துக்கினு போச்சே, அத மாதிரி ஒண்ண இந்தக் கையால தடவிப் பாத்துக்கீறேன். நம்ப மாட்டீங்க. சிரிங்க, பரவால்ல. நாற்காலி வாணாம் சாமி, நீங்க குந்துங்க. குந்துனா எனுக்குப் பேச்சு வராது, நின்னுக்கினே சொல்றேன்.

எங்கியா? சிங்கப்பூர்ல. வெள்ளக்காரன் பட்டாளத்து மைதானம். வருசத்துல ஒரு நாளு மட்டும் கேட்ட தொறந்து வுட்டு, ஊரு ஜனம் அல்லாரும் வந்து பாருங்கன்னுவான். நா ஆயா வேலையா அங்க போயிருந்தேன். அத்தச் சொல்லத்தான் வந்தேன். இல்ல, அதுக்கில்ல. இருங்க, சொல்றேன்.

நீங்க இந்தக் கோயிலுக்கு வந்து பத்து பன்னெண்டு நாளுதான ஆவுது. பழைய சாமியாரா இருந்தா நா படி ஏறும்போதே இன்னாம்மா சமாசாரம்னு கேட்டுருப்பாரு. அவருக்கு எங்க வூட்டுக் கதை முச்சூடும் தெரியும். நமக்குப் பின்னால மணலாண்ட கீதே குப்பம், அங்கதான் நானு. எம் புருசன் பிலிப்பு கட்டுமரக்காரன். எட்டு வருசத்துக்கு முன்ன, ஐப்பசி மாசம், மூணு பேரா கடலுக்குப் போனாங்க. பொயலு அடிச்சிது. ஒருத்தர் ஒடம்பு பட்டினப்பாக்கத்துல ஒதுங்குச்சி, இன்னொருத்தரது அடையாத்து மொகத்துவாரத்துல. எம் புருசன் மட்டும் ஒதுங்கவே இல்ல. நாப்பது நாளு தெனம் கரையில போயி நின்னேன் சாமி. அப்பால சாமியாரே செத்தவங்களுக்கு வக்கிற பூசைய வச்சிட்டாரு. நா தாலியக் கயட்டி மாமியா கையில குடுத்தேன்.

மாமியாவ நீங்க பாத்துருப்பீங்க. ஜெசிந்தாம்மா. காலப் பூசைக்கு மொத ஆளா வந்து தூணாண்ட தரையில குந்துமே, மீன் கூடைய வெளிய வச்சிட்டு? அதேதான். அது பெத்த புள்ளய பறிகுடுத்துச்சி, நா புருசன பறிகுடுத்தேன். ரெண்டு பேரும் ஒரே அடுப்புலதான் ஒல வச்சிக்கினு கெடந்தோம்.

அப்பால அடையாத்துல ஒரு பங்களாவுல ஆயா வேலை கெடச்சிது. கப்பல் கம்பெனி தொர. ஒரே பொண்ணு, ஜோன்னு பேரு. பொறந்த கொயந்தயில இருந்து நாந்தான் தூக்கி வளத்தேன். தொரைக்கு சிங்கப்பூருக்கு மாத்தல் ஆச்சி. ஜோன் பாப்பா என்ன வுட்டுட்டு கப்பல் ஏற மாட்டேன்னு ஒரே அழுக. தொரசானி என்னயும் வான்னுச்சி. நா மாமியா மூஞ்சியப் பாத்தேன். போடி, இங்க குந்திக்கினு கடலயே பாத்துக்கினு கெடக்காத, அந்தக் கடலத் தாண்டித்தான் போய்ப் பாருன்னு அதான் என்ன அனுப்பி வுட்டுது.

இன்னா சாமி? ஏரோப்ளேனா? அதுக்குத்தான் வர்றேன்.

தொரசானியோட தம்பி அந்தப் பட்டாளத்துல ஏரோப்ளேன் ஓட்டுறவரு. அதனால எங்களுக்கு மொத வரிசையில நாற்காலி. அவங்களுக்கு நாற்காலி, எனுக்குப் புல்லு. இன்னா கூட்டம்ன்றீங்க! சீனக்காரன், மலாய்க்காரன், சிங்கு, நம்ம ஆளுங்க கூலி லைன்ல இருந்து கொயந்த குட்டியோட. அல்லாரையும் கவுறு கட்டி ஒதுக்கி வுட்டுருந்தான். ஒலிபெருக்கியில ஒரு வெள்ளக்காரன் கத்திக்கினே கீறான். வெயிலு மண்டயப் பொளக்குது. கொட்டகைக்கு முன்னால, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டடுக்கு ரெக்கை வச்ச ஏரோப்ளேனு ஒண்ணு நின்னுக்கினு இருந்துச்சி. கிட்டப் போலாம், தொடலாம்னாங்க. ஜோன் பாப்பா என்ன இஸ்துக்கினு போச்சி.

தொட்டுப் பாத்தா சாமி, அது இரும்பு இல்ல. துணி! எங்க பாய்த்துணி மாதிரியே, மேல எதையோ பூசி வெறைப்பா ஆக்கி வச்சிக்கீறான். தட்டுனா மத்தளம் மாதிரி சத்தம். ஓரத்துல தையல் கூட இருந்துச்சி. அந்தத் தையலு மேல வெரல வச்சிப் பாத்தேன். எம் புருசன் பாயி தெக்கிறப்ப இப்பிடித்தான் நெருக்கி நெருக்கிப் போடுவாரு. சீ, இன்னாடா இதுன்னு கைய எடுத்துட்டேன்.

அப்பால பாத்தா, மைதானத்து நடுவுல ஓலையாலயும் பலகையாலயும் ஒரு பொய்க் கோட்ட கட்டி வச்சிருந்தான். அதுக்கு மேல குண்டு போடப் போறான், அல்லாரும் பின்னால போங்கன்னு அந்த ஒலிபெருக்கிக்காரன் இங்கிலீசுல சொன்னான். எனுக்கு எங்க புரியும்? திடீர்னு மேல இருந்து ஒண்ணு கழுகு மாதிரி எறங்குச்சி. டமார்னு ஒரு வெடி! கோட்ட பத்திக்கிச்சி. ஜனம் கத்திக்கினு ஓடுது. சிரிச்சிக்கினு ஓடுறவங்க பாதி, பயந்து ஓடுறவங்க பாதி. என்ன எவனோ இடிச்சித் தள்ளுனான். எந்திரிச்சிப் பாத்தா கையில பாப்பா இல்ல.

சாமி, அந்தக் கா மணி நேரம் நா செத்துப் பொழச்சேன். ஜோன், ஜோன்னு தொண்ட கிழியக் கத்துறேன், அந்த எஞ்சின் சத்தத்துல என் கொரலு எனுக்கே கேக்கல. கவுத்துக்குக் கீழ பூந்தேன், கொட்டகைக்குப் பின்னால ஓடுனேன். செருப்பு எங்க போச்சின்னே தெரியல. தொரசானிக்கு இன்னா பதில் சொல்றது? கடலு ஒண்ண எடுத்துக்கிச்சி, இப்ப ஆகாசம் ஒண்ண எடுத்துக்கிச்சான்னு புத்தி கெட்டு ஓடுறேன்.

கொட்டகைக்கு அப்பால தண்ணி. அந்த ஊர்ல தண்ணி மேலயே எறங்குற ஏரோப்ளேன் கீது சாமி, வவுறு படகு மாதிரியே இருக்கும். அத கவுறு கட்டி கரைக்கு இஸ்துக்கினு வர்றதுக்குன்னே ஆளுங்க. அரக்கை சட்ட, அரை நிசாரு, முட்டி வரைக்கும் ஈரம். அதுல ஒருத்தன் தோளு மேல ஜோன் பாப்பா குந்திக்கினு, ஆகாசத்தக் காட்டிச் சிரிச்சிக்கினு கீது. அவன் எனுக்கு முதுகு காட்டிக்கினு நிக்கிறான். ரெண்டு காலயும் அகட்டி, கட்டுமரத்து மேல நிக்கிற மாதிரி.

தண்ணி குடுங்க சாமி கொஞ்சம். இல்ல, வாணாம். சொல்லி முடிச்சிடறேன்.

முதுகப் பாத்தே தெரிஞ்சிபோச்சி. எத்தினி வருசம் எண்ணெ தேச்ச முதுகு. நா கிட்டப் போறதுக்குள்ள திரும்பிட்டாரு. ஆமா, அவருதான். பிலிப்புதான். தாடி இல்ல, கன்னம் ஒட்டிப் போயிருந்துச்சி. ஏ புள்ளன்னாரு. பாப்பாவ எறக்கி என் கையில குடுத்தாரு. பாப்பா எங்க ரெண்டு பேரு மூஞ்சியயும் மாறி மாறிப் பாக்குது.

அம்மா கீதான்னு கேட்டாரு. கீதுன்னேன். அவ்ளோதான், பொலபொலன்னு கண்ணுல தண்ணி. நா அழுவல. எனுக்கு ஆத்தரம் சாமி, சொல்ல முடியாத ஆத்தரம். எப்பிடிய்யா பொழச்சேன்னேன். பலகையப் புடிச்சிக்கினு ரெண்டு நாளு மெதந்தேன், ஒரு சரக்குக் கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கினு போயி பினாங்குல எறக்குனான்னாரு. சரி, பொழச்சே. ஆறு வருசம் ஆச்சே, ஒரு கடுதாசி போட ஒனக்குக் கை இல்லியா? எழுதத் தெரியலன்னா யாரையாச்சும் வுட்டுப் போடக் கூடாதா? நாங்க அங்க ஒனக்கு வருசா வருசம் பூசை வச்சிக்கினு கீறோம்யான்னு கேட்டேன்.

சொன்னாரு. பதில் சொன்னாரு சாமி. தல குனியாம, என் மூஞ்சியப் பாத்தே நெறையச் சொன்னாரு. அந்த நேரம் பாத்து ஒம்போது ஏரோப்ளேனு, வரிசையா, தென்ன மர ஒசரத்துல எங்க தலைக்கு மேல வந்துச்சி. பூமி அதுருது. பாப்பா ரெண்டு காதயும் பொத்திக்கினு என் வவுத்துல மூஞ்சிய பொதச்சிக்கிச்சி. அவரு வாயி அசையிது. கைய அசைச்சி அசைச்சிச் சொல்றாரு. ஒரு தபா நெஞ்சுல கைய வச்சாரு. ஒரு தபா கடல் பக்கம் காட்டுனாரு. எனுக்கு ஒரு எழுத்து கேக்கல. சத்தம் போயி ஓஞ்சப்ப கடைசியா ஒரு வார்த்ததான் காதுல வுழுந்துது. அதான்னாரு.

அதான். எது அதான்? இன்னொரு தபா சொல்லுய்யான்னு நா வாயத் தொறக்கறேன், தொரசானி ஓடியாந்துடுச்சி. பாப்பாவப் புடுங்கிக் கட்டிக்கினு ஒரே அழுக. கொயந்தயக் காப்பாத்துனதுக்கு இந்தான்னு அவரு கையில ஏதோ வச்சிச்சி. எம் புருசன் சலாம் போட்டாரு. என்ன இஸ்துக்கினு போயிட்டாங்க. நா திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே போனேன். அதே எடத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு.

மறுபடி தேடிக்கினு போனேனே! அடுத்த ஞாயித்துக்கெழமயே லீவு கேட்டுக்கினு போனேன். கேட்டாண்ட துப்பாக்கி வச்சிக்கினு நிக்கிறவன், இன்னிக்கு வேடிக்க கெடயாது, போன்னுட்டான். மூணு ஞாயித்துக்கெழம போனேன். உள்ள வேல செய்யிற நம்மூரு ஆளு ஒருத்தருகிட்ட சொல்லி அனுப்புனேன். வந்து சொன்னாரு, அந்த ஆளு வேலய வுட்டுட்டுப் போயிட்டான்மா, எங்கன்னு ஒருத்தருக்கும் தெரியலன்னு. மொதல்ல பொயலு கொண்டுக்கினு போச்சி. ரெண்டாந் தபா அவரே போயிட்டாரு.

போன வருசம் தொர சீமைக்குக் கெளம்பிட்டாரு, நா கப்பல் ஏறி வூட்டுக்கு வந்துட்டேன். மாமியாகிட்டயா? சொல்லல சாமி. எப்பிடிச் சொல்றது? ஒம் புள்ள கீறான், ஆனா வர மாட்டான்னா? அது தெனம் துறைமுகத்துல போயி குந்திக்கும், எறங்குற ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கினு. நா அந்த நாப்பது நாளு நின்னவ, எனுக்குத் தெரியும். இன்னிக்கு வரைக்கும் அது புள்ளக்கி மெழுவத்தி கொளுத்துது, நானும் பக்கத்துல நின்னுக்கினு பாக்கறேன்.

அவரு இன்னா சொல்லியிருப்பாருன்னுதான் ராப்பகலா யோசன. வேற ஒருத்தி கீறான்னு சொல்லியிருப்பாரோ? கூடப் போன ரெண்டு பேரும் செத்தப்பறம் அவங்க பொஞ்சாதிங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்னு சொல்லியிருப்பாரோ? கடலு வாணாம், போதும்னு சொல்லியிருப்பாரோ? மீன் அறுத்துக்கினு கீறப்ப ஒண்ணு தோணும், துணி தொவக்கிறப்ப இன்னொண்ணு. ஒண்ணுலயும் மனசு நிக்க மாட்டேன்னுது.

இல்ல சாமி, இது பாவசங்கீர்த்தனம் இல்ல. கோயில்ல அந்தத் தொட்டியில மண்டி போட்டு பாவமா சொன்னா நீங்க வெளிய மூச்சு வுட முடியாது, அது எனுக்குத் தெரியும். அதனாலதான் இப்பிடி வெட்ட வெளிச்சத்துல, உங்க பங்களா வாசல்ல நின்னுக்கினு சொல்றேன். நீங்க மூச்சு வுடணும்.

எனுக்கு வில்லியம் வாத்தியாரோட கல்யாணம் வேணும் சாமி. பொய் சொல்லல. அவரு நல்ல மனுசன், தாயில்லாத ரெண்டு பொண்ணுங்க, அதுங்க இப்பவே என்ன அம்மான்னுதான் கூப்புடுது. மாமியாவே முன்ன நின்னு பேசி முடிச்சிது, நீயாச்சும் வாழுடின்னு. பழைய சாமியாரு பேர எழுதி வச்சிட்டுப் போனாரு, நீங்க நோட்டப் பாத்து ரெண்டு ஞாயித்துக்கெழம பூசையில கல்யாண ஓலை வாசிச்சீங்க. காலஞ்சென்ற பிலிப்பின் கைம்பெண் பியாட்ரிஸுன்னு. அது நாந்தான். தடை தெரிஞ்சவங்க யாரு இருந்தாலும் சொல்லணும்னு வாசிச்சீங்களே, ரெண்டு தபாவும் நா கோயில் முச்சூடும் சுத்திப் பாத்தேன் சாமி. தெரிஞ்சவ நா ஒருத்திதான் கீறேன்.

வர்ற ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை வாசிக்க வாணாம். வாத்தியாரு கேட்டாண்ட நிக்கிறாரு. கல்யாணப் பூசைக்கு நேரம் கேட்டுக்கினு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். இருங்க, நீங்க போவாதீங்க. நானே கூப்புடுறேன்.