உடைப்பதற்கென்றே கதவு செய்தவருக்கு

உளியும் உறுதியும் ஒருங்கே உடையவரே! மரத்தின் மனமறிந்த மாண்பாளரே! காலையில் கதவாகக் கொடுத்ததை மாலையில் விறகாக வாங்கிக்கொண்டும் முகம் சுளிக்காத பெருந்தகையே! அதிரடிப் பிரிவின் பயிற்சி வீட்டுத் தச்சரே, எங்கள் அன்புக் கதவண்ணா, வணக்கம்!

நீங்கள் ஓய்வுபெறும் இந்நாளில் இம்மடலை எழுதுகிறவர்கள் இதற்குமுன் அறிக்கையைத் தவிர வேறெதையும் எழுதியறியாதவர்கள். கதவைத் தட்டுவதுகூட எங்கள் பயிற்சியில் இல்லாத பாடம். சொல்லில் எங்கேனும் முரட்டுத்தனம் தெரிந்தால், எங்களிடம் மாட்டிய உங்கள் கதவுகளுக்காகப் பொறுத்ததுபோல் இதையும் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இப்பிரிவில் சேர வந்த நாளில் நாங்கள் ஒவ்வொருவரும் எங்களைப் புலியென்றே நினைத்திருந்தோம். மைதானத்தைச் சுற்றி ஓடினோம், கயிற்றில் ஏறினோம், கேடயத்தைச் சுமந்துகொண்டு மாடிப்படிகளில் நாக்குத் தள்ள ஏறி இறங்கினோம், இருட்டறையில் காதைத் தீட்டிக்கொண்டு அசையாமல் நின்றோம். அத்தனையும் தாண்டி வந்தவர்களின் கர்வம் அடங்கியது உங்கள் கதவின் முன்னால்தான். கதவிடிக்கும் இரும்புருளையால் ஒரே இடியில் கதவைச் சாய்த்துவிட்டு மார்தட்டி நின்றவர்களை நீங்கள் பாராட்டவில்லை. விழுந்த பலகையைத் தூக்கி, அதனடியில் நசுங்கிக் கிடந்த துணிப்பொம்மையை எடுத்துத் தூசி தட்டி, "பாப்பாவுக்கு அடிபட்டிருச்சுப்பா" என்றீர்கள். பொம்மையை அங்கே வைத்தவரும் நீங்களே! பலத்தைக் காட்ட நாங்கள் வரவில்லை, உள்ளே இருப்பவரை உயிரோடு வெளியே கொண்டுவரவே வந்திருக்கிறோம் என்பது அன்றுதான் எங்கள் மண்டையில் ஏறியது.

அடுக்குமாடி வீடொன்றில் பெற்ற மகளையே உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு ஒருவன் கத்தியோடு உட்கார்ந்திருந்த அந்த நாளை மறப்போமா! சமாதானம் பேசும் எங்கள் சகோதரிக்குப் பேசிப் பேசித் தொண்டை வறண்டுவிட்டது. உங்களை ஜீப்பில் அள்ளிப்போட்டுக்கொண்டு வந்தோம். கீழ்த்தளத்தில் அதே மாதிரி இருந்த கதவைத் தடவிப் பார்த்தீர்கள். கீல் பக்கம் இடித்தால் பலகை பிள்ளைமேல் சாயும், பூட்டுப் பக்கம் நெம்பினால் சுவரோடு ஒதுங்கும் என்றீர்கள். அப்படியே செய்தோம். சிறுமி ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் வெளியே வந்தாள்.

எல்லோரும் எங்களைத் தோளில் தட்டிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் தெறித்து விழுந்த பூட்டுக்கட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என்ன என்று கேட்டோம். நிமிராமலே சொன்னீர்கள்:

"ஒண்ணுமில்ல. நான் செஞ்ச கதவு ஒண்ணு பழசாகிப் பாக்கணும்னு ஆசை. மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, கைபட்டுக் கைபட்டுப் பிடி வழவழன்னு ஆகி... அப்படி ஒண்ணு."

அந்தச் சொல் எங்கள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதுவரை நாங்கள் உடைத்தவற்றை மரம் என்றே நினைத்திருந்தோம்.

ஓய்வுக்காலத்துக்கென்று நீங்கள் கட்டியிருக்கும் சிறுவீட்டின் வாசலில் இன்னும் தகரம்தான் சாத்தியிருக்கிறது என்பது அண்ணி சொல்லித்தான் தெரியும். கடைக்கதவு வாங்கவும் உங்களுக்கு மனமில்லையாம், சொந்தமாகச் செய்யவும் துணிவில்லையாம். உடைவதற்கென்றே செய்து பழகிய கைக்கு நிற்கிற கதவு வராது என்று பிடிவாதமாம். ஊரார் கதவையெல்லாம் உடைக்கிற தம்பிமாருக்கு என் வீட்டுக்கதவை மாட்டத் தெரியாதா என்று அண்ணி ஒரு போடு போட்டார்கள் பாருங்கள்! 

ஆகவே உங்களிடம் கூசாமல் ஒரு பொய் சொன்னோம். உடைக்கவே முடியாத கதவு ஒன்று பயிற்சிக்கு வேண்டும் என்று கமாண்டர் ஓர் அளவு கொடுத்தாரே, அது அண்ணி உங்கள் வாசலில் நாடா பிடித்து எடுத்துத் தந்த அளவு. அதற்கு நீங்கள் எடுத்துக்கொண்ட நாட்களைக் கண்டு எங்களுக்கே குற்றவுணர்வு வந்தது. எப்படியும் விறகாகப் போவதுதானே என்று எங்களில் ஒருவர் கேலி செய்தபோது, நீங்கள் உப்புத்தாளை எடுத்து இன்னொரு முறை தேய்த்தீர்கள்.

இன்று காலை, பயிற்சி வீட்டில் மாட்டியிருந்த அந்தக் கதவின் கீலை உள்ளிருந்து சரிபார்க்கச் சொல்லிக் கமாண்டர் உங்களை உள்ளே அனுப்பினார். தலைக்கவசமும் கேடயமுமாக நாங்கள் வெளியே வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் இரும்புருளையைத் தரையில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். விரலை மடக்கித் தட்டினார்.

உள்ளே கீலைத் திருகிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பிறகு, "யாரு?" என்றீர்கள்.

"நாங்கதாண்ணே."

திறந்தீர்கள். அந்த முகத்தை எழுத எங்களுக்குத் தமிழ் போதவில்லை.

கதவு இப்போது வண்டியில் ஏறிவிட்டது. நாளையே உங்கள் வாசலில் மாட்டுகிறோம். இனிக் காலையில் நாங்கள் மைதானத்துக்கு வரும்போது கொட்டகையில் உங்கள் இழைப்புளியின் சத்தம் கேட்காது. வேறு தச்சர் வருவார், வேறு கதவுகள் வரும், அவற்றையும் உடைப்போம். ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு எங்கள் காது ஏங்கத்தான் போகிறது. துணிப்பொம்மையை மட்டும் எங்களிடமே விட்டுச் செல்லுங்கள்.

கதவண்ணா! அந்தக் கதவு மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, பிடி வழவழத்துப் பழசாகும் காலம்வரை, அதை அன்றாடம் திறந்து சாத்தும் திடத்தோடு அண்ணியும் நீங்களும் நோயின்றி வாழ்க! நேரம் கிடைக்கும்போதெல்லாம் வருவோம். தட்டுவோம். உடனே திறந்துவிடாதீர்கள். வெளியே நின்று, உங்கள் கதவு ஒன்று நிற்பதைக் கொஞ்ச நேரம் நாங்களும் பார்க்க வேண்டும்.

உங்கள் கதவுகளை உடைத்தே ஆளான,
அதிரடிப் பிரிவின் தம்பி தங்கையர்